ஃபைபர் கிளாஸ் பாடி பேனல்: தேர்ந்தெடுப்பது முதல் பெயின்ட் வரை முழு வழிகாட்டி

புதிய ஃபைபர் பானெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வண்டிமேல் வைத்துப் பார்க்கிறீர்கள். இடது பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வலது பக்கம் ஃபெண்டரில் உரசுகிறது. முன்முனை கொஞ்சம் தூக்கி நிற்கிறது. பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து, "ஏமாந்துட்டோம்" என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இரும்புத் தகடு பல டன் அழுத்தத்தில் அச்சில் அடித்து வருவது. ஃபைபர் பேனல், கண்ணாடி இழைகளை ரெசின் என்ற பிசினில் நனைத்துக் கையால் அடுக்கி, அந்த ரெசின் இறுகும்போது சுருங்கி, அச்சிலிருந்து பிரித்தெடுத்த பிறகும் கொஞ்சம் அசைந்து ஒரு வடிவத்துக்கு வருவது. அதை வண்டிக்கு ஏற்றபடி உட்கார வைப்பது பொருத்துகிறவரின் வேலை. மொத்த உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும், பெயின்ட் கடைசியில் வருவது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பிரச்சினை குறையும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

முதலில் எடைக் கணக்கு. இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7, கையால் அடுக்கிய ஃபைபர் சுமார் 1.5. இதைப் பார்த்ததும் ஐந்தில் ஒரு பங்கு எடைதான் வரும் என்று தோன்றும். ஆனால் தடிமன் ஒன்றல்ல. கார் தகடு 0.75 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 5.9 கிலோ. ஃபைபர் 3 மி.மீ. இருந்தால் 4.5 கிலோ. 1 மி.மீ. அலுமினியத் தகடு 2.7 கிலோதான். ஆகவே மேல்தோலில் மட்டும் பார்த்தால் லாபம் பெரிதல்ல. பானெட்டில் எடை உண்மையாகக் குறைவது, இரும்பு பானெட்டுக்கு அடியில் இருக்கும் கனமான உள்சட்டகமும் கீல் ஸ்பிரிங்குகளும் போவதால்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஹோண்டா எஸ்2000, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற வண்டிகளின் பானெட் தொழிற்சாலையிலேயே அலுமினியத்தில் வந்தது. அதைக் கழற்றிவிட்டு மலிவான, தடித்த ஃபைபர் பானெட் போட்டால் வண்டி கனக்கவே செய்யும். முதலில் ஒரு காந்தத்தை எடுத்துப் பழைய பேனலில் ஒட்டிப் பாருங்கள். பழையதைக் கழற்றியதும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். விற்பவரிடம் புதியதன் எடையைக் கேளுங்கள்.

பானெட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர், பம்பரின் வெளித்தோல் ஆகிய நான்கும் தாராளமாக மாற்றக்கூடியவை. பானெட்டில் குறையும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் முன்புறத்தில், உயரத்தில் குறைகிறது. வளைவில் திரும்பும்போது அந்த இரண்டும் உதவும்.

கதவு வேறு விஷயம். பக்கவாட்டில் மோதினால் உங்களைக் காக்கும் குறுக்குக் கம்பி கதவுக்குள்தான் இருக்கிறது. ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) உள்ள பந்தய வண்டிக்கு ஃபைபர் கதவு சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம், இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன். அதேபோல் பம்பரின் தோலை மாற்றலாம், அதற்குப் பின்னால் இருக்கும் மோதல் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றக் கூடாது. ஏர்பேக் சென்சார்கள் முன்புறத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அவற்றை இடம் மாற்றாமல் வேலை செய்யுங்கள். பதிவு, காப்பீடு, பந்தய விதிமுறை மூன்றிலும் எது அனுமதி என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

எப்படிச் செய்தது என்று கேளுங்கள்

ஃபைபர் என்றாலே மட்டமான பொருள் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. 1953-இல் வந்த முதல் கார்வெட்டின் உடல் முழுக்க ஃபைபர்தான். அந்த ஆண்டு 300 வண்டிகள் மட்டுமே செய்தார்கள். 1957-இல் அறிமுகமான லோட்டஸ் எலைட்டுக்குத் தனிச் சட்டகமே கிடையாது, ஃபைபர் உடலே எலும்புக்கூடு. ஃபெராரி 308 ஜிடிபி 1975-இல் ஃபைபர் உடலோடுதான் வந்தது, இரும்புக்கு மாறியது 1977-இல். பொருளைக் குறை சொல்ல முடியாது. செய்த விதம்தான் வேறுபடுகிறது.

சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூன்று வகை. ஒன்று, இழைகளை நறுக்கி ரெசினோடு துப்பாக்கியால் அடித்தது. வேகமான வேலை, ஆனால் ஓரிடம் தடிப்பும் ஓரிடம் மெலிவுமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, மேட் துணியை (நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) கையால் அடுக்கி உருளையால் காற்றை வெளியேற்றியது. செய்பவர் கைதேர்ந்தவராக இருந்தால் அருமையாக வரும். மூன்று, காற்றை உறிஞ்சி ரெசினை இழுத்துப் பரப்பும் முறை. ரெசின் குறைவு, இழை அதிகம், எடை குறைவு, விலை கூடுதல். ரெசினிலும் பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்சி என்று மூன்று உண்டு. இதே வரிசையில் வலுவும் விலையும் ஏறும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நன்றாகச் செய்த பாலியெஸ்டர் பேனல் போதும். பம்பரின் கீழ் உதடு போல அடிக்கடி தரையில் தட்டும் இடத்துக்கு வினைல் எஸ்டர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: அச்சு எந்த வண்டியின் பேனலிலிருந்து எடுத்தது? தொழிற்சாலை பேனலிலிருந்து எடுத்த அச்சும், பட்டி பூசிச் சரிசெய்த பேனலிலிருந்து எடுத்த அச்சும் ஒன்றல்ல. இன்னொரு கம்பெனியின் ஃபைபர் பேனலை வைத்தே அச்சு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நகலில் முதல் பேனலின் சுருக்கத்தோடு இரண்டாவது சுருக்கமும் சேர்ந்துவிடும். எந்த ஆண்டு மாடலுக்கு என்பதையும் கேளுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியில் நடுவில் விளக்கு வடிவம் மாறியிருந்தால் ஃபெண்டர் பொருந்தாது.

கையில் வந்ததும் சோதிப்பது

ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேனலின் ஒரு மூலையில் தொடங்கி, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தட்டு என்று நகர்ந்து வாருங்கள். நல்ல இடத்தில் "டிக், டிக்" என்று கூர்மையாகக் கேட்கும். திடீரென்று "டொப்" என்று மந்தமாகக் கேட்டால் ஜெல்கோட்டுக்கும் (மேலே தெரியும் வழவழப்பான ரெசின் பூச்சு) மேட்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டிருக்கிறது. குறிப்பாக மடிப்புகளிலும் கூர்மையான ஓரங்களிலும் காது கொடுத்துக் கேளுங்கள். தடித்த மேட் மூலையில் மடங்காமல் விலகி நிற்பது அங்கேதான். அந்தக் குமிழி வெயிலில் விரிந்து, பெயின்ட் அடித்த சில மாதங்களில் கொப்புளமாகவோ ஓட்டையாகவோ வெளியே தெரியும். மந்தமாகக் கேட்ட இடத்தை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

அடுத்து, பேனலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து இருட்டில் பாருங்கள். ஜெல்கோட் அதிகம் மறைக்காவிட்டால் மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும். பின்பக்கத்தில் வெள்ளை இழை காய்ந்தாற்போல் தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை; கண்ணாடி மாதிரி ரெசின் குளமாகத் தேங்கியிருந்தால் அந்த இடம் உடையக்கூடியது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் வாடை பலமாக அடித்தால் பேனல் இன்னும் முழுதாக இறுகவில்லை என்று பொருள். துணியில் அசிட்டோன் தொட்டுப் பின்பக்கம் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

கடைசியாக, போல்ட் போகும் இடங்கள். கீலும் பூட்டும் பிடிக்கும் இடத்தில் உள்ளே இரும்போ அலுமினியமோ தகடு வைத்து மூடியிருக்கிறதா, தடிமன் கூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேனலில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டுமானால், மேல்பக்கம் பளபளப்பதை விட்டுவிட்டு, போல்ட் இடங்கள் நன்றாக இருப்பதை எடுப்பேன்.

இறுகாத பேனலை அவசரமாக பெயின்டுக்கு அனுப்பாதீர்கள். சில வாரங்கள் வைத்திருப்பது நல்லது, அதுவும் சுவரில் சாய்த்து வைக்காமல். சாய்ந்த வடிவத்திலேயே வளைந்துவிடும். முடிந்தால் வண்டியிலேயே லேசாகப் பொருத்தி வெயிலில் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் இறுக்கம் அங்கேயே நடந்து, பேனல் உங்கள் வண்டியின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உலர் பொருத்தம்: பெயின்டுக்கு முன் மாட்டிப் பார்ப்பது

பழைய பேனல்களைக் கழற்றும் முன் எல்லா இடைவெளிகளையும் அளந்து எழுதுங்கள், படம் எடுங்கள். கீல்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். பழைய பேனலிலேயே இடைவெளி கோணலாக இருந்தால் வண்டி முன்பு அடிபட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வரிசை முக்கியம். கதவு அசையாத அளவுகோல். கதவுக்கு ஏற்றபடி ஃபெண்டர், ஃபெண்டருக்கு ஏற்றபடி பானெட், பிறகு விளக்குகள், கடைசியில் பம்பர். விளக்கைப் பொருத்திப் பார்க்காமல் பம்பரில் ஓட்டை போட்டவர்கள் மறுபடி ஓட்டை போடத்தான் நேரும். எல்லா பேனலும் ஒரே நேரத்தில் வண்டியில் தொற்றி நிற்கட்டும், மாஸ்கிங் டேப்பாலும் தளர்வான போல்டாலும். 4 முதல் 5 மி.மீ. இடைவெளியைக் குறிவையுங்கள். தொழிற்சாலை இடைவெளியைவிடச் சற்று அதிகமாக இருப்பது பரவாயில்லை. ஃபைபர் வெயிலில் இரும்பைவிட அதிகம் விரியும். இந்த நிலையில் எதையும் வெட்டாதீர்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு பாருங்கள்.

வெட்டும்போது ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு வரையுங்கள். ரம்பமோ அரமோ ஜெல்கோட் பக்கத்திலிருந்து மேட் பக்கமாகவே தள்ளட்டும். எதிர்த் திசையில் இழுத்தால் ஜெல்கோட் சில்லுசில்லாகப் பெயரும். கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே வெட்டை நிறுத்தி, மீதியைத் தேய்த்தே கொண்டுவாருங்கள்.

இந்தத் தூசியை லேசாக நினைக்காதீர்கள். நல்ல வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி, முழுக்கை சட்டை, வெளிக்காற்று இவை இல்லாமல் கிரைண்டரை எடுக்க வேண்டாம். ரெசின் கலக்கும்போது தூசி முகமூடி போதாது, ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு கூடும்.

ஓட்டை போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. டேப் ஒட்டி, ஜெல்கோட் பக்கத்திலிருந்து, பின்னால் மரக்கட்டை வைத்து, சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஓட்டை போல்டைவிட 1 அல்லது 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், பேனல் விரிய இடம் வேண்டும். அகலமான வாஷர் இரண்டு பக்கமும் கட்டாயம். நிறைய பாரம் தாங்கும் இடத்தில் ஓட்டைக்குள் பேனல் தடிமனுக்குச் சமமான சிறு உலோகக் குழாயை வைத்தால், போல்டை இறுக்கும் விசை ஃபைபரை நசுக்காது. கையால் இறுகும் அளவு, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஏர் கன்னை அந்தப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

ஓரம் குட்டையாக இருந்தால் பட்டியை நீட்டி நிரப்பாதீர்கள், முதல் அதிர்விலேயே விழும். ஜெல்கோட்டை நீக்கி, தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிதாக மேட் அடுக்குங்கள். 3 மி.மீ. பேனலுக்கு 36 மி.மீ. சரிவு. இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண மேட் துணியின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் பட்டுத்தான் கரையும். அதனால் அந்த மேட்டை எபாக்சியோடு சேர்த்தால் விறைப்பாக நின்று சரியாக நனையாது. எபாக்சி என்றால் நெய்த துணி, பாலியெஸ்டர் என்றால் மேட். பழைய பாலியெஸ்டர்மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சிமேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டரை இறுக வைக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். அது ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். இறுகுவதை வேகப்படுத்தத் தனியாக வரும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில்கூட வைக்காதீர்கள்.

பானெட் பூட்டு

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் ஃபைபர் பானெட்டில் பழைய பூட்டின் கொக்கியை உள்சட்டகத்தில் அப்படியே திருகி வைத்தேன். ஸ்க்ரூ நன்றாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது. சில வாரங்கள் கழித்து நெடுஞ்சாலையில் முன்முனை மெல்லப் படபடத்தது. வேகத்தைக் குறைப்பதற்குள் கொக்கி ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பானெட் மேலே பாய்ந்து கண்ணாடியில் மோதி நின்றது. எதிரே ஒன்றும் தெரியாமல் பக்கக் கண்ணாடி வழியே பார்த்து ஓரம்கட்டிய அந்தச் சில நொடிகளை நான் மறக்கவில்லை. யாருக்கும் காயமில்லை.

வேகத்தில் பானெட்டின் முன்பகுதிக்கு மேல் காற்றழுத்தம் குறைகிறது, அடியில் எஞ்சின் அறைக்குள் அழுத்தம் கூடுகிறது. இரும்பு பானெட்டின் எடையும் விறைப்பும் அதைச் சமாளிக்கும். ஃபைபருக்கு அந்த இரண்டும் குறைவு. ஆகவே முன்னால் இரண்டு பானெட் பின் (பானெட்டின் ஓட்டை வழியே மேலே வந்து, கிளிப்பால் பூட்டும் கம்பி) கட்டாயம். கீல் இல்லாமல் முழுதாகத் தூக்கி எடுக்கும் வகையானால் நான்கு.

பின்னை ரேடியேட்டருக்கு மேலுள்ள உறுதியான குறுக்குச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பானெட்டை மெதுவாக இறக்கி, விரலால் அழுத்தித் தூக்குங்கள். அடியில் வட்டமாக ஒரு கறை தெரியும், அதுதான் மையம். ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் விழுந்தால் ஓட்டை போடலாம். அந்த இடத்தின் அடியில் உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டை எபாக்சியால் ஒட்டினால் இழுவை பரவலாகும்.

இரும்பு பானெட்டுக்கான கீல் ஸ்பிரிங்கையும் கேஸ் ஸ்ட்ரட்டையும் கழற்றிவிட்டு, முட்டுக்கம்பி போடுங்கள். அந்த விசை இலேசான பானெட்டை நடுவில் வளைத்து, கீல் ஓரத்தில் விரிசல் விட வைக்கும். டர்போ அல்லது எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் அருகில் இருந்தால் அடியில் வெப்பம் தடுக்கும் படலம் ஒட்டுங்கள்.

விளக்கும் அகல ஃபெண்டரும்

ஃபைபரில் மின்சாரம் ஓடாது. இரும்பு பேனல் வழியாக எர்த் எடுத்த விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எதுவும் இனி வேலை செய்யாது, அல்லது மங்கலாக எரியும். ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் இழுத்து சேஸியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள்.

பின்பக்க ஃபெண்டர் வண்டியோடு வெல்டிங் ஆனது, கழற்ற முடியாது. அங்கே மேலே பொருத்தும் அகல ஃபெண்டர்தான் வழி. அதற்காகத் தகட்டை வெட்டினால் உள்தகடும் வெளித்தகடும் பிரிந்து திறந்துவிடும். அவற்றை மறுபடி சேர்த்து வெல்டிங் செய்து, துருத்தடுப்பு பூசி, சீலர் போட்ட பிறகே ஃபைபரை மாட்டுங்கள். சீலர் மட்டும் அப்பிவிட்டு மூடினால் உள்ளே தண்ணீர் இறங்கி, ஃபெண்டர் நன்றாக இருக்க, அதைப் பிடித்திருக்கும் உடல் துருப்பிடிக்கும். சக்கரத்தை முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கிப் பார்த்து இடைவெளியை உறுதிசெய்யுங்கள்.

பெயின்டுக்கு முன்னும் பின்னும்

எல்லாம் பொருந்திய பிறகும் பெயின்ட் அடிக்காமல் சில நாட்கள் ஓட்டுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே அதிர்கிறது என்பது ஓடினால்தான் தெரியும். அந்த நிலையில் திருத்துவது சுலபம்.

பிறகு கழற்றி, முதல் வேலையாக மெழுகு நீக்கியால் நன்றாகத் துடைக்க வேண்டும். பேனல் அச்சிலிருந்து கழன்று வரப் பூசிய மெழுகு மேற்பரப்பில் இருக்கும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அது கீறல்களுக்குள் இறங்கி, பெயின்டில் மீன்கண் போலக் குழிகள் வரும். துடைத்த பிறகு 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, பென்சில் வட்டமிட்ட குமிழிகளை உடைத்துத் திறந்து, இழை கலந்த பட்டியால் நிரப்புங்கள். ஊசிமுனை ஓட்டைகளை பிரைமர் மூடிவிடும் என்று விடாதீர்கள், மூடாது. அதன்மேல் எபாக்சி பிரைமர், பிறகு தடித்த பிரைமர். நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 320, பிறகு 400 அல்லது 600. பழைய பெயின்டை நீக்க ரசாயனத் திரவம் ஊற்றாதீர்கள், ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும். அடுப்பில் உலர்த்துவதானால் 60 டிகிரிக்கு மேல் போகாமல் சொல்லிவையுங்கள். கறுப்பு போன்ற அடர்நிறம் வெயிலில் அதிகம் சூடாகும், மேட் இழையின் தடம் மேலே தெரிய வாய்ப்பும் அதில்தான் அதிகம்.

பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் வாஷர்வரை பெயின்டால் ஒரு சிறு கோடு போடுங்கள். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு கோடு விலகிய போல்ட் எது என்று பார்த்தாலே தளர்ந்தது தெரிந்துவிடும். பானெட் பின்னுக்கான ஓட்டைகளைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய விரிசல் தெரிந்தால் பின் இழுபடுகிறது. பின்னை நேராக்கி, விரிசல் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியிருந்தால் அதன் முனையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, அடிப்பக்கத்திலிருந்து துணி அடுக்கிச் சரிசெய்யுங்கள்.